மேளம் பழகும் பிள்ளைகளுக்கு என்ன நாவல் கொடுப்பது?

ஆடி வெள்ளி என்றால் சந்தவாசல் பேருந்து நிறுத்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வேலூர் பக்கமிருந்தும் திருவண்ணாமலை பக்கமிருந்தும் வருகிற கூட்டம் இங்கே இறங்கி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வண்டி மாறும். மஞ்சள் துணி, வேப்பிலை, பொங்கல் பானை... கூடவே பம்பையும் உடுக்கையும். ஒன்று மரம், ஒன்று பித்தளை என்று இரண்டு பம்பைகளையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தால், சும்மா நிற்கிறவர்களுக்கும் கால் ஆடும்.

அந்தப் பம்பைக்காரருக்குப் பக்கத்தில் பல சமயம் ஒரு பையன் நிற்பான். பதிமூன்று, பதினான்கு வயது இருக்கும். கையில் சிலம்போ உடுக்கையோ வைத்திருப்பான். அப்பா மூச்சு வாங்கும்போது பம்பையை அவன் வாங்கி அடிப்பான். பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போதும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கலாம். தாளம் தட்டுகிறவன், பின்பாட்டுப் பாடுகிறவன், மிருதங்கக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவன். திங்கட்கிழமை காலையில் இவர்கள் வகுப்பில் தூங்கி வழிவார்கள். ஏன் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. சொன்னால் சக மாணவர்கள் கேலி செய்வார்கள் என்கிற பயம்.

இந்தப் பிள்ளைக்கு ஒரு நாவல் கொடுக்க வேண்டும் என்றால் எந்த நாவலைக் கொடுப்பது? கேள்வி சின்னதுதான். ஆனால் தமிழ்நாட்டில் இதைப் பற்றி யோசிக்கிறவர்கள் குறைவு.

கிடைப்பதெல்லாம் வெற்றிக் கதை

இசையில் ஆர்வம் உள்ள மாணவனுக்கு ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்கமாகச் சொல்வது சாதனையாளர்களின் கதையை. இளையராஜா பதினான்கு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனார். ஏ.ஆர். ரகுமான் ஒன்பது வயதில் தந்தையை இழந்தார், அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வீடு நடந்தது, பதினோரு வயதில் அவரே கீபோர்டு வாசிக்கப் போனார். மாண்டலின் சீனிவாஸ் 1978ல் ஒன்பது வயதில் முதல் கச்சேரி செய்து, 1983ல் பெர்லின் ஜாஸ் விழா மேடை வரைக்கும் போனார். இவை எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியவை.

ஆனால் இந்தக் கதைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. இவற்றைக் கேட்கிறவனுக்கு முடிவு முன்பே தெரியும். அவர் ஜெயித்துவிட்டார், அதனால்தான் அவருடைய வறுமையும் கண்ணீரும் கதையாகச் சொல்லப்படுகின்றன. ஜெயிக்காதவரின் வறுமையை மேடையில் யாரும் பேசுவதில்லை. சந்தவாசலிலும் போளூரிலும் ஆரணியிலும் மேளம் கற்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பெர்லினுக்குப் போகப்போவதில்லை. அவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் வாசிப்பார்கள். பாதிப் பேர் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். அப்படியானால் அவர்களுடைய உழைப்புக்கு அர்த்தம் இல்லையா?

இந்தக் கேள்விக்கு வாழ்க்கை வரலாற்றைவிட நாவல்தான் நன்றாகப் பதில் சொல்லும். நாவலில் வருகிறவன் புகழ் பெற்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவன் ஒரு சாதாரண ஆள். ஒரு ராகம் பிடிபட்ட நாளில் அவனுக்கு என்ன ஆயிற்று, கூலி பேசும்போது அவன் குரல் ஏன் தாழ்ந்தது, வாத்தியார் திட்டிய ராத்திரி அவன் தூங்கினானா என்பதையெல்லாம் நாவல் சொல்லும். படிக்கிற பிள்ளை, 'இது நமக்கும் நடந்ததே' என்று ஒரு நிமிடம் நிறுத்துவான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் கையில் நாவலைக் கொடுக்க வேண்டும்.

நல்ல இசை நாவலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலுக்குப் போகும் முன் நான்கு கேள்விகள். இசை பழகும் பிள்ளைக்கு நாவல் தேர்ந்தெடுக்கிறவர்கள் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, சாதகம் தெரிகிறதா? பயிற்சி என்பது ஒரே பாடத்தை நூறு முறை செய்வது. கை வலிக்கும், உதடு வெடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். கதாநாயகன் கண்ணை மூடிப் பாடியதும் மழை கொட்டுகிற கதையைப் படித்தால் தன் கை வலி தன்னுடைய குறை என்று பிள்ளை நினைத்துவிடும்.

இரண்டாவது, காசு தெரிகிறதா? வாத்தியத்துக்கு விலை உண்டு. தோல் மாற்றக் காசு வேண்டும். பேசிய சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. இதைச் சொல்லாத இசை நாவல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

மூன்றாவது, மரியாதை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று காட்டுகிறதா? ஒரே ஊரில் ஒரு வாத்தியக்காரருக்கு நாற்காலி போடுகிறார்கள், இன்னொருவரைப் பந்தலுக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். காரணம் சாதி என்பது எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

நான்காவது, விட்டுவிடும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா? பரம்பரைத் தொழில் என்பதால் வாசித்தே ஆக வேண்டுமா? அல்லது படிப்பு கெடும் என்பதால் விட்டே ஆக வேண்டுமா? இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கப்படுகிற வயது அது.

இனி பட்டியல்

1. 'செய்தி' – தி. ஜானகிராமன்

இது நாவல் இல்லை, சிறுகதை. இருந்தாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நாதஸ்வர வித்வான் ஒருவர். காலத்துக்கு ஏற்றபடி வாசிக்க நினைக்கும் மகன்மேல் அவருக்கு வருத்தம். அந்த நேரத்தில் வெளிநாட்டு இசைக்கலைஞர் ஒருவர் வருகிறார். மொழி தெரியாதவர், ராகம் தெரியாதவர். வித்வான் சாமா ராகத்தில் வாசித்த ஒரு கீர்த்தனை அவரை உலுக்கிவிடுகிறது. அந்த நாதத்தில் ஒரு செய்தி இருக்கிறது என்கிறார். ஒரு பாடவேளைக்குள் படித்து முடித்துவிடலாம். அப்பாவின் இசைக்கும் மகனின் இசைக்கும் நடுவே இருக்கிற சண்டையை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

2. 'தில்லானா மோகனாம்பாள்' – கொத்தமங்கலம் சுப்பு

'கலைமணி' என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு தொடராக வந்த கதை. 1968ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். படத்தில் சிவாஜியின் விரலுக்குப் பின்னால் கேட்பது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். படம் பார்த்தாயிற்றே, நாவல் எதற்கு என்று கேட்கலாம். படத்தில் சண்முகசுந்தரமும் மோகனாவும் முன்னால் நிற்கிறார்கள். நாவலில் ஒரு மேளக் கோஷ்டி முழுசாக வாழ்கிறது. அவர்களுடைய பயணம், சாப்பாடு, கோபம், ரோஷம், வேடிக்கை எல்லாம் இருக்கிறது. பெரிய புத்தகம்தான். ஆனால் தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் படிக்க இழுக்கும். பதிமூன்று வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான்கு கேள்விகளை வைத்துப் பார்த்தால் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்காது. சண்முகசுந்தரம் கதை தொடங்கும்போதே மேதை. அவன் எப்படிக் கற்றான் என்பது அவ்வளவாக இல்லை. பரவாயில்லை. மேளக்காரர் கதாநாயகனாக நிமிர்ந்து நடக்கிற ஒரு கதையைப் படிப்பதே மேளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தெம்பு.

3. 'சஞ்சாரம்' – எஸ். ராமகிருஷ்ணன்

2018க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். கரிசல் நிலத்து நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. திருவிழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில் அவமானப்படுத்தப்பட்ட பக்கிரியும் ரத்தினமும் ஊரைவிட்டு ஓட வேண்டி வருகிறது. அந்த ஓட்டத்தின் நடுவே நாதஸ்வர உலகத்தின் பழைய கதைகளும் கிளைக்கதைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. காசு, மரியாதை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதைப்போல் நேராகப் பதில் சொல்லும் தமிழ் நாவல் அரிது. தஞ்சாவூர் சங்கீதத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வறண்ட ஊரின் கோயில் வாசலில், கேட்க ஆளில்லாமல் வாசிக்கிறவரைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம்.

கரிசலுக்கும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் தூரம் அதிகம். ஆனால் பந்தலில் நடக்கிற பேச்சு ஒன்றுதான். பதினைந்து வயதுக்கு மேல் இதைக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. படித்ததும் அந்தப் பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும்.

4. 'மோகமுள்' – தி. ஜானகிராமன்

இசை நாவல் என்றதும் எல்லோரும் சொல்கிற பெயர் இது. கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிற பாபு, ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கிறான். குருவின் வீட்டில் பணம் இல்லை. ஆனால் நாதம் இருக்கிறது. ஒரு சத்தத்தை எப்படிக் கேட்பது, குரலை எப்படிப் பழக்குவது, அவசரப்பட்டு ஏன் மேடை ஏறக் கூடாது என்று அந்தப் பக்கங்கள் கற்றுத்தருவதை வேறு எந்தத் தமிழ் நாவலும் இவ்வளவு நிறைவாகக் கற்றுத்தரவில்லை. மராட்டியத்தில் இருந்து வரும் பாடகர்களின் குரலைக் கேட்டு பாபு திகைக்கும் இடம் ஒன்று போதும். தன் இசையைவிடப் பெரிய இசையைக் கேட்டால் வருகிற பயமும் சந்தோஷமும் அதில் அப்படியே இருக்கின்றன.

ஆனால் இது பள்ளிப் பிள்ளைக்கான நாவல் இல்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாமேல் பாபுவுக்கு வரும் மோகம்தான் கதையின் நடுநாடி. ஒரு இளம் பெண்ணின் துயரமான சாவும் கதையில் வருகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் படிக்கலாம். அதற்கு முன்னால், ரங்கண்ணாவிடம் பாபு கற்கும் பகுதிகளை மட்டும் ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.

வெளியில் இருந்து மூன்று

பதின்ம வயது இசைக்கலைஞர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதுகிறார்கள். அவற்றில் மூன்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும். ஆங்கிலத்தில் படிக்க முடியாதவர்களுக்கு ஆசிரியரோ அண்ணன் அக்காவோ கதையாகச் சொல்லலாம். கூத்துப் பார்த்து வளர்ந்த ஊரில் கதை கேட்கத் தெரியாதவர்கள் யார்?

ஜோர்டன் சோனன்பிளிக் எழுதி 2004ல் வந்த 'டிரம்ஸ், கேர்ள்ஸ் அண்ட் டேஞ்சரஸ் பை'. பதின்மூன்று வயது ஸ்டீவன் டிரம்ஸ் அடிப்பவன். அவனுடைய ஐந்து வயதுத் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது. வீட்டின் பணமும் கவனமும் தம்பி பக்கம் போகிறது. அண்ணன் வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருக்கிறான். சிரிப்பும் அழுகையும் கலந்த கதை. கை எதையாவது தட்டிக்கொண்டிருந்தால்தான் மனசு அடங்கும் என்பது இங்கே இருக்கிற மேளக்காரப் பையனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆஞ்சி தாமஸ் எழுதி 2019ல் வந்த 'ஆன் தி கம் அப்'. பதினாறு வயது பிரி என்ற கறுப்பினப் பெண் ராப் பாடகியாக வர நினைக்கிறாள். அப்பாவும் ராப் பாடகர், கொல்லப்பட்டவர். அம்மாவுக்கு வேலை போய்விடுகிறது, வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். காசுக்காகப் பாட வேண்டுமா, தான் நினைத்ததைப் பாட வேண்டுமா என்பதுதான் அவளுடைய போராட்டம். கொஞ்சம் கெட்ட வார்த்தைகள் உண்டு. உண்மையும் உண்டு.

சாரா ஜார் எழுதி 2013ல் வந்த 'தி லூசி வேரியேஷன்ஸ்'. லூசி பணக்கார வீட்டுப் பெண், சின்ன வயதிலேயே பேர் வாங்கிய பியானோ கலைஞர். ஒருநாள் மேடையில் வாசிக்காமல் எழுந்து போய்விடுகிறாள். பிறகு, யாருக்காகவும் இல்லாமல் தனக்காக வாசிக்க முடியுமா என்று தேடுகிறாள். நான்காவது கேள்விக்கு, அதாவது விட்டுவிடும் உரிமைக்கு, இதுதான் பதில். பணக்காரப் பெண்ணின் கதை சந்தவாசலுக்கு எதற்கு என்று தோன்றலாம். 'நம் குடும்பமே இதுதான், நீயும் இதைத்தான் செய்ய வேண்டும்' என்ற பேச்சு பணக்கார வீட்டிலும் ஒன்றுதான், பம்பைக்காரர் வீட்டிலும் ஒன்றுதான்.

இன்னும் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் வங்காளத்தின் 'கூபி – பாகா' கதை இருக்கிறது. உபேந்திரகிஷோர் ராய் 1915ல் எழுதியது. பேரன் சத்யஜித் ராய் 1969ல் படமாக்கினார். மோசமாகப் பாடியதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவனும் மோசமாக மேளம் அடித்ததற்காகத் துரத்தப்பட்ட ஒருவனும் காட்டில் சந்திக்கிறார்கள். பேய்களின் வரத்தால் இசை வருகிறது! சாதகம் இல்லாத இசைதான், முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். ஆனாலும் மோசமாக வாசித்தாலும் சிரித்துக்கொண்டு மேலே போகலாம் என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை வேண்டாமா?

பெண் பிள்ளைகளுக்கு?

மேலே சொன்ன தமிழ் நூல்களைத் திரும்பப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வாத்தியம் ஆண்கள் கையில் இருக்கிறது. மோகனா ஆடுகிறாள். தி. ஜானகிராமனின் 'மலர் மஞ்ச'த்தில் பாலியும் நாட்டியம்தான் கற்கிறாள். வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவிழாவுக்குக் கிளம்புகிற பெண் இந்த நாவல்களின் நடுவில் இல்லை.

வாழ்க்கையில் அப்படி இல்லை. நாதஸ்வரம் வாசிக்கும் காலீஷாபி மெகபூப், கணவர் ஷேக் மெகபூப் சுபானியோடு சேர்ந்து 2020க்கான பத்மஸ்ரீ பெற்றார். இன்று தமிழ்நாடு முழுவதும் பறை அடிக்கும் பெண்களைப் பார்க்க முடிகிறது. நாவல்தான் பின்தங்கி நிற்கிறது. அதுவரை பிரியையும் லூசியையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அவர்களைப் படித்த ஒரு பெண், 'நம் ஊரில் ஏன் இப்படி ஒருத்தியைப் பற்றிக் கதை இல்லை' என்று கேட்டால், அடுத்த நாவலை அவளே எழுதினாலும் எழுதலாம்.

சில மறுப்புகள்

'பாடப் புத்தகம் படிக்கவே நேரம் இல்லை, இதில் நாவல் வேறா?' என்பது முதல் மறுப்பு. தமிழ்நாடு அரசே 2023ல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளில் கொடுத்தது. 'பற' வரைக்கும் வந்த பிள்ளைக்கு அடுத்து ஒரு வானம் வேண்டும். இந்த நாவல்கள் அந்த வானம்தான்.

'சாதி அவமானத்தை எல்லாம் படித்தால் பிள்ளை மனசு புண்படாதா?' என்பது இரண்டாவது. இது நியாயமான பயம். ஆனால் அந்தப் புண் புத்தகத்தில் இருந்து வருவதில்லை. பந்தலில், கல்யாண வீட்டில், சில சமயம் வகுப்பறையில் முன்பே பட்டுவிட்டது. அதற்கு ஒரு பெயரும் வார்த்தையும் கொடுப்பதுதான் நாவல். 'சஞ்சாரம்' படித்த பிள்ளை, தப்பு தன்மேல் இல்லை என்று தெரிந்துகொள்ளும். மேளக்காரர் வீட்டைச் சேராத பிள்ளையும் அதே புத்தகத்தைப் படிக்க வேண்டும். சொல்லப்போனால் அவன்தான் முதலில் படிக்க வேண்டும். கேலி குறைவது அங்கிருந்துதான்.

'இதைப் படித்துவிட்டு மேளமே போதும் என்று படிப்பை விட்டுவிட்டால்?' மூன்றாவது மறுப்பு இது. இந்த நாவல்களில் எதுவும் இசை வாழ்க்கையைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. படித்தவன் ஏமாற மாட்டான். அதற்குப் பிறகும் கற்க விரும்பினால் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. திருவண்ணாமலையில் அரசு மாவட்ட இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில், தேவாரம், மிருதங்கம், வயலின், குரலிசை, பரதநாட்டியம் என்று மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளை இப்படிப்பட்ட பள்ளிகள் நடத்துகின்றன. ஆனால் பம்பைக்கும் உடுக்கைக்கும் முகவீணைக்கும் அந்தப் பாடத்திட்டத்தில் இடம் இல்லை. கூத்துக் கற்க வேண்டுமானால் செய்யாறு பக்கம் புரிசை போன்ற ஊர்களில் பரம்பரையாகக் கூத்துக் கற்றுத்தரும் குழுக்கள் இருக்கின்றன.

முடிவாக...

சந்தவாசல் என்ற ஊரின் பெயரிலேயே 'சந்தம்' இருக்கிறதே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தச் சந்தத்தோடு வளர்கிற பிள்ளைகள் கையில் தங்களைப் பற்றிய புத்தகம் மட்டும் இல்லை. ஒரு பள்ளி நூலகத்தில் நான்கு தமிழ்ப் புத்தகங்களை வாங்கி வைப்பது பெரிய காரியம் இல்லை. தலைமை ஆசிரியர் நினைத்தால் முடியும், முன்னாள் மாணவர்கள் நினைத்தாலும் முடியும். அலமாரியில் பூட்டி வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

முதலில் 'செய்தி'யை எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாம். வாசித்து முடித்ததும், 'உங்க வீட்டில் யாராவது வாசிப்பாங்களா?' என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற ஒரு பையன் மெதுவாகக் கை தூக்கக்கூடும். அவன் கையில் அடுத்த புத்தகத்தைக் கொடுங்கள். பம்பைக் குச்சி இருக்கிற அதே பையில் அந்த நாவலும் இருக்கட்டும்.